நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பூங்கா
அக்ரிலிக் வர்ணத்தில் கப்பன் பார்க்கைத் தீட்டும் முறை

பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்த தமிழர்களில் கப்பன் பார்க்கைத் தெரியாதவர் இருக்க முடியாது. அலுவலகத்துக்குக் குறுக்கு வழியாக அதைக் கடந்து போகிறவர் உண்டு. மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அதன் புல்தரையில் பிரிக்கிறவர் உண்டு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடங்களில் விதான சௌதாவுக்கு அடுத்தபடி அதுதான்.

ஆனால், அங்கே உள்ள நூலகக் கட்டடத்தின் சிவப்பு செங்கல் சிவப்பா, அரக்குச் சிவப்பா? தூங்குமூஞ்சி மரத்தின் தலை உருண்டையா, தட்டையா? மாலை நான்கு மணிக்குப் புல்லின் மேல் விழும் நிழல் என்ன நிறம்? இருபது வருடமாக அந்த வழியே போய் வருகிறவரைக் கேட்டாலும் சற்றுத் தயங்குவார். அது அவருடைய குற்றம் அல்ல. பஸ்ஸுக்கு ஓடுகிறவனுக்கு மரம் வெறும் மரம்தான்.

படம் வரைய உட்காரும்போதுதான் மனிதன் நிதானமாகப் பார்க்கத் தொடங்குகிறான். தூரிகையைத் தொட்டே அறியாதவரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பார்க்கை ஒரு படமாக்கிச் சுவரில் மாட்டலாம். அதற்கான வழியை இங்கே படிப்படியாகச் சொல்லுகிறோம்.

பூங்காவின் கதை

மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி 1870-ல் அமைத்த பூங்கா இது. சாங்கி ஏரிக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. முதலில் 'மீட்ஸ் பார்க்' என்று அழைக்கப்பட்டது. பிறகு, 1834 முதல் 1861 வரை இங்கே கமிஷனராக இருந்த மார்க் கப்பன் பெயரைப் பெற்றது. 1927-ல் ஸ்ரீ சாமராஜேந்திரப் பூங்கா என்று பெயர் சூட்டினார்கள். ஆனாலும் மக்கள் வாயில் கப்பன் பார்க் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஓவியருக்கு இந்தப் பூங்காவில் முதலில் கண்ணில் படுவது சிவப்புக் கட்டடங்கள். ஒன்று, இன்று உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரி. 'பதினெட்டு அலுவலகங்கள்' என்பது அதன் பொருள். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து எழுதிய இடம் என்பதால், நம் வாசகர்களில் பலருக்கு அதன் மேல் தனிப் பாசம் இருக்கக்கூடும். மற்றொன்று, 1915-ல் எழுந்த சேஷாத்திரி ஐயர் நினைவு மண்டபம். இன்று அது மாநில மத்திய நூலகம். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த சேஷாத்திரி ஐயர், பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். நமக்கு முன்பே இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவர் என்று சொல்லலாம்.

பச்சை மரங்களுக்கு நடுவே சிவப்புக் கட்டடம் என்பது ஓவியருக்குப் பெரிய வரப்பிரசாதம். பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்கள். பச்சை உடலில் அரக்கு பார்டர் வைத்து நெய்கிற காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இது தெரியும். நம் படத்துக்கும் இந்த நூலகக் கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம்.

அக்ரிலிக் என்பது என்ன?

வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்டின் நெருங்கிய உறவுதான் அக்ரிலிக். நிறப் பொடியைத் தண்ணீரில் மிதக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக் பிசினோடு கலந்து செய்கிறார்கள். தண்ணீர் ஆவியானதும் பிசின் ஒன்றாகச் சேர்ந்து, நிறத்தை உள்ளே வைத்துப் படலமாக இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு தண்ணீர் பட்டாலும் கரையாது.

எண்ணெய் வர்ணத்துக்குப் பல நூற்றாண்டு வரலாறு உண்டு. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் ஓவியர்கள் கைக்கு வந்தது 1950-களில்தான். இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி 1967-ல் தீட்டிய 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' என்ற நீச்சல்குளப் படம் இந்த வர்ணத்தில் புகழ்பெற்றது. வானம், வீடு, குளம் எல்லாவற்றையும் அவர் பெயிண்டர்கள் போல உருளையால் சமமாக அடித்துவிட்டார். யாரோ குதித்ததால் தண்ணீர் தெறிக்கிறதே, அந்த ஒரு கணத்தை மட்டும் சின்னத் தூரிகைகளால் ஏறத்தாழ இரண்டு வாரம் உட்கார்ந்து தீட்டினார். எங்கே சும்மா விடுவது, எங்கே உழைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஒரே அறையில் குடும்பம் நடத்துகிற நம்மவர்களுக்கு அக்ரிலிக்கைப் போல் வசதியான வர்ணம் இல்லை. டர்ப்பன்டைன் வாடை வீட்டை நிறைக்காது. பத்து நிமிடம் முதல் அரை மணிக்குள் காய்ந்துவிடும். ஈரப் படத்தைக் குழந்தைகள் தொட்டுவிடுவார்கள் என்ற பயமில்லை. வேலை முடிந்ததும் படத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பாய் விரிக்கலாம். தப்பாகப் போனால் காயவிட்டு மேலே இன்னொரு கோட்டிங் கொடுத்தால் தீர்ந்தது.

இலை இலையாக வரைய வேண்டாம்

புதிதாக வரைகிறவர்கள் மரத்தைப் பார்த்ததும் பயந்துபோகிறார்கள். இத்தனை ஆயிரம் இலைகளை எப்படி வரைவது என்ற மலைப்பு. வரைய வேண்டாம் என்பதே பதில்.

நம் வீட்டு வாசலில் பெண்கள் தாமரைக் கோலம் போடுகிறார்கள். எந்தக் குளத்திலும் அப்படியொரு தாமரை பூப்பதில்லை. ஆனாலும் பார்த்தவுடன் தாமரை என்று குழந்தை சொல்லுகிறது. தாமரைக்கு எது உயிரோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். பூங்காப் படத்திலும் இதையே செய்யப்போகிறோம். தூங்குமூஞ்சி மரம் ஒரு விரித்த குடை. சில்வர் ஓக் ஒரு நிமிர்ந்த ஈட்டி. மூங்கில் புதர் ஒரு விசிறி. மரத்தை இப்படி ஒரு வடிவமாகப் பிடித்துவிட்டால் பயம் போய்விடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சுருக்கி வரைவதென்றால் மனத்தில் தோன்றியதை வரைவதல்ல. நன்றாகப் பார்த்த பிறகே எதை விடலாம் என்பது தெரியும். பார்க்காமல் வரைந்தால் பள்ளிக்கூடத்துப் படத்தில் வரும் பச்சைப் பந்துதான் மிஞ்சும்.

வாங்க வேண்டியவை

மாணவர்களுக்கான தரத்தில் சின்ன டியூபுகள் ஆறு போதும்: டைட்டானியம் வெள்ளை, லெமன் மஞ்சள், மஞ்சள் ஓக்கர், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்மண் நிறம். வெள்ளையை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள். அதுதான் முதலில் தீரும். பச்சையும் கறுப்பும் வாங்க வேண்டாம். டியூபிலிருந்து வரும் பச்சையை அப்படியே பூசினால் பூங்கா முழுவதும் ஒரே பிளாஸ்டிக் பச்சையாகிவிடும்.

தூரிகைகள் மூன்று: ஓர் அங்குல அகலத் தட்டை, அரை அங்குலத் தட்டை, மெல்லிய உருண்டை. பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குல கேன்வாஸ் போர்டு ஒன்று. இல்லாவிட்டால் அதே அளவு ஹார்ட்போர்டில் வெள்ளை அக்ரிலிக் பிரைமர் இரண்டு கோட்டிங் அடித்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

வர்ணம் கலக்க ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தட்டு ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். பிறகு அதைச் சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. தட்டில் ஈரத்துணியை மடித்து வைத்து, மேலே பட்டர் பேப்பர் விரித்து, அதன் மேல் வர்ணத்தைப் பிதுக்குங்கள். கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருப்பதால் வர்ணம் சீக்கிரம் காயாது. அக்ரிலிக் வேலையில் காசை மிச்சப்படுத்தும் முக்கியமான யுக்தி இது.

முதல் ஞாயிறு: பார்ப்பது

முதல் நாள் வர்ணத்தை எடுத்துச் செல்லவே வேண்டாம். பென்சிலும் பழைய காகிதமும் போதும். நூலகக் கட்டடம் மரங்களுக்கு இடையே தெரிகிற ஓர் இடத்தில் உட்காருங்கள். காலை எட்டு மணிக்கு முன்போ, மாலை நான்கு மணிக்குப் பின்போ போவது நல்லது. உச்சி வெயிலில் நிழல் மரத்தடியிலேயே சுருண்டுவிடும். படத்துக்கு ஆழம் வராது.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். இலைகள் மறைந்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே பகுதிகள் தெரியும். மூன்றுக்கு நான்கு அங்குலக் கட்டம் ஒன்று போட்டு, அந்த மூன்று பகுதிகளை மட்டும் பென்சிலால் தேய்த்து நிரப்புங்கள். ஐந்தே நிமிடத்தில் ஒன்று முடியும். இதுபோல் ஆறு ஏழு போட்டுப் பார்த்து நல்லதொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டடத்தை நட்ட நடுவில் வைக்காமல் சற்று ஒதுக்கி வையுங்கள். முன்னால் ஒரு பக்கம் இருண்ட குடைமரம் வரட்டும். பாதை கீழ் மூலையில் தொடங்கி வளைந்து கட்டடத்தை நோக்கிப் போகட்டும். மரம் சரியான இடத்தில் இல்லையென்றால் நகர்த்திக்கொள்ளலாம். கட்டடத்தை நகர்த்தினால்தான் ஊர் சிரிக்கும்.

கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அது ஞாபகத்துக்கு மட்டும். கைப்பேசி நிழலையெல்லாம் கறுப்பாக்கிவிடும். நிழலுக்குள் இருக்கும் நீலத்தையும் கத்திரிப்பூ நிறத்தையும் நம் கண்தான் பார்க்கும்.

இரண்டாம் ஞாயிறு: அடித்தளமும் கோடும்

இனி வேலை வீட்டில். செம்மண் நிறத்தைத் தண்ணீரில் இளக்கி போர்டு முழுவதும் ஒரு கோட்டிங் கொடுங்கள். பச்சைப் பூங்காவுக்குச் செம்மண் அடித்தளம் எதற்கு என்று தோன்றலாம். நாளை பச்சைகளுக்கு இடையே ஆங்காங்கே அந்தச் செம்மை எட்டிப்பார்க்கும். அப்போது படம் முழுவதும் வெயில் பட்டது போல ஒரு வெதுவெதுப்பு வரும். வெள்ளைப் பலகையின் மிரட்டலும் போய்விடும்.

காய்ந்ததும் படத்தைப் பெரிதாக்க வேண்டும். சென்னையில் சினிமா பேனர் வரைந்த கலைஞர்கள், கையளவு புகைப்படத்தில் கட்டம் போட்டு நடிகரின் முகத்தை இருபது அடிக்குக் கொண்டு போனார்கள். அதே முறைதான். சின்னப் படத்தில் ஓர் அங்குலக் கட்டங்கள். பலகையில் நான்கு அங்குலக் கட்டங்கள். இரண்டிலும் மொத்தம் பன்னிரண்டு கட்டங்களே வரும். ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்த்துப் போட்டால் தப்பாது.

மனிதர்களை வைப்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. சமதரையில் நின்று பார்க்கும்போது, உங்கள் உயரமுள்ள எல்லோருடைய தலையும் உங்கள் கண் மட்டத்திலேயே இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கும் தூரத்தில் நிற்பவருக்கும் பாதம் இருக்கும் இடம்தான் வேறுபடும். இந்தக் கண் மட்டக் கோட்டை மெல்லிதாகப் போட்டுக்கொண்டால் யாரும் அந்தரத்தில் மிதக்க மாட்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு: பெரிய வண்ணங்கள்

தூரத்தில் இருப்பதை முதலில், அருகில் இருப்பதைக் கடைசியில் என்பது விதி. வானத்துக்கு வெள்ளையில் துளி நீலம். கட்டடத்தை நெருங்கும் இடத்தில் துளி ஓக்கர். தூரத்து மரங்களுக்கு நீலம் கூடிய மங்கல் பச்சை. கட்டடத்துக்குக் கிரிம்சன், ஓக்கர், செம்மண் மூன்றும் கலந்த சிவப்பு. நிழல் விழும் பக்கத்துக்கு அதிலேயே சிறிது நீலம்.

பச்சைகளை நம் புடவைக்கடைப் பெயர்களால் பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை. லெமன் மஞ்சளில் துளி நீலம் சேர்த்தால் கிளிப்பச்சை: வெயில் படும் புல்லுக்கு. மஞ்சள் ஓக்கரில் நீலம் சேர்த்தால் பாசிப்பச்சை: நடுத்தர மரங்களுக்கு. நீலமும் செம்மண் நிறமும் சேர்த்துத் துளி மஞ்சள் விட்டால் கருப்பச்சை: முன்னால் நிற்கும் குடைமரத்துக்கு. மூன்று பச்சைக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பாதைக்கு வெள்ளையும் செம்மண் நிறமும் கலந்த மணல் நிறம். பாதை மேல் விழும் நிழலுக்குக் கத்திரிப்பூ நிறம்.

எல்லாவற்றையும் அகலத் தூரிகையால் தட்டையாகவே பூசுங்கள். ஒரு வடிவத்துக்கு ஒரு நிறம். கட்டடத்தின் ஓரம் நேராக வர வேண்டுமானால், காய்ந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூசி உரித்துவிடலாம். அக்ரிலிக் காயும்போது சற்றுக் கறுக்கும். ஈரத்தில் பால் போல் இருக்கும் பிசின் காய்ந்ததும் தெளிந்துவிடுவதே காரணம். ஆகவே நினைத்ததைவிட ஓர் இழை வெளுப்பாகவே கலந்துகொள்ளுங்கள்.

தூரிகையைக் கையில் எடுக்காத ஒவ்வொரு நிமிடமும் அது தண்ணீரில் இருக்க வேண்டும். ஒருமுறை வர்ணம் மயிரிழைகளில் காய்ந்துவிட்டால் அந்தத் தூரிகை போனதுதான்.

நான்காம் ஞாயிறு: உயிர்

இப்போது படம் வெட்டி ஒட்டிய வண்ணக் காகிதம் போல் இருக்கும். மனம் தளர வேண்டாம். எல்லாப் படங்களும் ஒரு கட்டத்தில் இப்படித்தான் இருக்கும்.

மரத்தின் இருண்ட குடைக்குள் நாலைந்து இடங்களில் வான நிறத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வையுங்கள். பறவை நுழைந்து போகிற இடைவெளிகள் அவை. அவை இல்லாவிட்டால் மரம் பாறையாகத் தோன்றும். வெயில் படும் பக்கத்தில் மட்டும் கிளிப்பச்சையை ஒதுக்கி ஒதுக்கி வைத்தால் போதும். பார்க்கிறவர் கண் மீதி இலைகளைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

பூ எந்தப் பருவத்துக்கு எது என்பதைக் கவனியுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஜகரண்டா ஊதாவாகப் பூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் குல்மோகர் தீயாக நிற்கும். இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் படம் பலகாரக் கடையாகிவிடும். ஏதேனும் ஒன்று போதும்.

கடைசியாக மனிதர்கள். ஒரு புள்ளி தலை, ஒரு பட்டை உடம்பு, கீழே ஒரு நிழல். மூக்கும் முழியும் வேண்டாம். ஒருவருக்கு மட்டும் வாடாமல்லிப் புடவையோ, மாம்பழ மஞ்சள் சட்டையோ கொடுங்கள். படம் முழுவதும் அந்த இடத்துக்குத்தான் கண் ஓடும். ஹாக்னி தண்ணீர்த் தெறிப்புக்கு ஒதுக்கிய உழைப்பை நீங்கள் இங்கே ஒதுக்குங்கள். சாப்பாட்டுக் கேரியரோடு புல்லில் உட்கார்ந்திருப்பவரா, நூலகத்துக்குப் போகும் மாணவியா, குப்பை கூட்டும் அம்மாவா என்பது உங்கள் விருப்பம். பூங்காப் படங்களில் பெரும்பாலும் நாற்காலியும் நாய்க்குட்டியும்தான் வருகின்றன. பூங்காவைப் பெருக்கிச் சுத்தம் செய்கிறவர்களை யாரும் வரைவதில்லை.

பத்தடி தள்ளி நின்று பாருங்கள். இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் போல் இருந்தாலும், என்ன செய்வது என்று தெளிவாகச் சொல்ல முடியாவிட்டால், படம் முடிந்துவிட்டது. மூலையில் தமிழிலேயே கையெழுத்துப் போடுங்கள்.

முன்னோடிகள்

இந்த ஊருக்கு இந்தக் கலையில் நல்ல முன்னோடிகள் உண்டு. பூங்காவை ஒட்டிய கஸ்தூர்பா சாலையில் உள்ள கலைக்கூடம், மைசூர் ஓவியர் கே. வெங்கடப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1886-ல் பிறந்து 1965-ல் மறைந்த அவர், கல்கத்தாவில் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். நம் உதகமண்டலத்தின் மலைக் காட்சிகளை நீர் வர்ணத்தில் அவர் தீட்டியவை பெயர் பெற்றவை.

ருமாலே சென்னபசவய்யா (1910–1988) விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர், அரசியலிலும் இருந்தவர். ஆனால் பெங்களூர் அவரை நினைவில் வைத்திருப்பது அவர் தீட்டிய பூமரங்களுக்காக. சாலையோரத்து மரங்கள் பூத்து நின்றதை வெளியில் உட்கார்ந்து தீட்டினார். அவர் வரைந்த பெங்களூரில் பெரும்பகுதி இன்று இல்லை. படங்கள் மட்டும் சாட்சி சொல்லுகின்றன.

வரைந்தவனுக்கே தெரியும்

கப்பன் பார்க்கின் மேல் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் எப்போதும் ஒரு கண் உண்டு. அதைக் காக்கவே 1975-ல் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் 1998-ல் பூங்காவின் ஒரு பகுதியைச் சட்டப் பாதுகாப்பிலிருந்து விலக்க முயற்சி நடந்தது. ஊர் மக்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது, கவனிக்கும் கண்கள் வேண்டும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

ஒரு மரத்தை நான்கு வாரம் உற்றுப் பார்த்துத் தீட்டியவருக்கு, ஐந்தாவது வாரம் அந்த மரத்தின் கிளை ஒன்று வெட்டப்பட்டிருந்தால் உடனே தெரியும். குறுக்கு வழியாக ஓடுகிறவருக்குத் தெரியாது. இந்த நகரத்தின் சுவர்களுக்கு வர்ணம் அடித்தவர்கள், கல் சுமந்தவர்கள், அதன் கோப்புகளை எழுதியவர்கள் எல்லோரிலும் நம்மவர்கள் உண்டு. ஆனால் வாடகை வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் இருப்பது எங்கோ உள்ள பனிமலை. நாம் வாழ்கிற ஊரின் படம் நம் வீட்டில் இல்லை.

அந்தக் காலண்டருக்குப் பக்கத்தில், நீங்களே தீட்டிய சிவப்புக் கட்டடமும் குடைமரமும் ஒரு மாம்பழ மஞ்சள் சட்டையும் இருக்கட்டும். கோணல் மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. 'இது எந்த ஊர் அப்பா?' என்று குழந்தை கேட்டால், 'நம்ம ஊர்தான்' என்று சொல்லலாம். வருகிற ஞாயிறன்று ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.